சீட் பெல்ட் போட்ட சர்ஜன்

ஒரு சர்ஜனை மாடியிலிருந்து இறக்கி, காரில் உட்காரவைத்து, சீட் பெல்ட்டும் மாட்டிவிட்ட நோயாளியைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். செங்கல்பட்டில், என் கண்ணெதிரே!

எனக்கு மூட்டு வாதம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் அரை நாள் படுத்து, டிரிப்ஸில் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். மருந்து சாது. நரம்பு கிடைப்பதுதான் பேஜார். சிஸ்டர் தட்டுவார், தடவுவார், ஒத்தடம் கொடுப்பார்... கடைசியில், "சாரி சார், இன்னொரு தடவை" என்பார்.

"போர்ட் வெச்சுக்கலாமே" என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. காலர் எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் சின்னதாக ஒரு டப்பியைப் பதிப்பார்கள். ஊசியை அதில் குத்தினால் போதும். மருந்து நேராகப் பெரிய ரத்தக்குழாய்க்குப் போய்விடும். ஆனால் சின்ன ஆபரேஷன் உண்டு. கிருமி தொற்றலாம். மருந்து இல்லாத மாதத்திலும் போய், அடைத்துக்கொள்ளாமல் கழுவிவிட்டு வர வேண்டும். எப்போதோ ஏற்றும் மருந்துக்கு இவ்வளவு தேவையா? நெட்டில் தேடினேன். மச்சினரைக் கேட்டேன். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

பக்கத்துக் கட்டில் எஸ்தருக்கும் இதே மருந்து, இதே கேள்வி. நாற்பது வயதிருக்கும். படூரில் கால் டாக்ஸி ஓட்டுகிறார். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் அவருக்கு ஆறு குத்து.

"நாளைக்கு இந்தக் கை இன்னும் வீங்கும் சார். ரெண்டு நாளைக்கு ஸ்டீரிங்க திருப்ப முடியாது. இப்டியே போனா சாவிய வேற ஆளாண்ட குடுத்துட்டு வூட்ல குந்த வேண்டிதான்" என்றார்.

டிரிப்ஸ் முடிந்ததும், போர்ட் பற்றி அவரிடம் பேச சர்ஜன் வந்தார். "வலது பக்கம் வெப்போம்மா. அதுதான் வழக்கம்" என்றார். எஸ்தர் யோசித்தார்.

"தழும்பு வெளிய தெரியாதும்மா" என்றார் சர்ஜன். ஆமாம் ஆமாம் என்று நானும் ஜால்ரா போட்டேன். இரண்டு ஆண்களுக்கும் ஒரே மூளை!

"அது இல்ல சார். ரெண்டு நிமிசம் கீழ வாங்களேன், வண்டிய காட்றேன்."

சர்ஜனும் போனார் பாருங்கள்... அதற்கே ஒரு சல்யூட். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

டிரைவர் சீட்டில் அவரை உட்காரவைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார் எஸ்தர். வலது தோளிலிருந்து குறுக்கே இறங்கியது பெல்ட் — காலர் எலும்புக்குச் சரியாகக் கீழே.

"பாத்தீங்களா? நாள் பூரா அங்கதான் தேச்சிகினு கீது. சடன் பிரேக் அடிச்சா இன்னா ஆவும்?"

சர்ஜன் பெல்ட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். "அப்போ இடது பக்கம் வெச்சிரலாம். ஆனா பக்கத்து சீட்ல உட்கார்ந்தா அந்தத் தோள்ல பெல்ட் வருமே?"

"நான் என்னிக்கு சார் பக்கத்து சீட்ல குந்தினேன்?"

சர்ஜன் வாய்விட்டுச் சிரித்தார். "மாசாமாசம் கழுவ வரணுமே எஸ்தர்?" என்று நான் இழுத்தேன்.

"ஒரு காலை நேரந்தான போவும்? இப்ப ரெண்டு நாள் போவுதே சார்!"

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஊரையெல்லாம் கேட்ட நான், இந்த உடம்பை வைத்துக்கொண்டு தினமும் என்ன செய்கிறேன் என்று என்னைக் கேட்கவே இல்லை. கை வீங்கிய வாரங்களில், பத்திரிகைக்கு வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியை நான் சொல்லச் சொல்ல, என் மனைவிதான் டைப் செய்தார். தகவல் சேர்த்துக்கொண்டே இருந்தால் முடிவெடுக்காமல் தப்பித்துவிடலாம், இல்லையா? எஸ்தர் தப்பிக்கப் பார்க்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எஸ்தருக்கு இப்போது இடது பக்கம் போர்ட். பழைய பழக்கத்தில் கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். ஒரே குத்து. மருந்து இறங்க ஆரம்பித்துவிட்டது.

"அவ்ளோதானா சிஸ்டர்?" என்று கண்ணைத் திறந்தவர், அழுதுவிட்டார். ஆறு குத்துக்கும் அழாத மனுஷி!

என் கையில் இன்னொரு சிஸ்டர் நாலாவது இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டேன்.

"சிஸ்டர்... அந்த சர்ஜன் இன்னிக்கு வந்திருக்காரா?"