பவுலருக்காக மடித்த இரண்டு பொட்டலங்கள்

அபுதாபி முசஃபாவில் எங்கள் கம்பெனி ஆட்கள் தங்க இரண்டு கேம்ப். வெள்ளிக்கிழமை காலையில் பின்னால் இருந்த மணல் தரையில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுவோம். ஒருத்தன் எந்தக் கேம்ப்பில் படுக்கிறானோ அந்த டீம், அதுதான் வழக்கம். ஆளை மாற்ற வேண்டுமென்றால் கட்டிலையும் மாற்ற வேண்டும்.

நான் வெல்டர். எட்டாவதோடு படிப்பு நின்றது. வயதில் மூத்தவன் என்று என்னைக் கேப்டனாக்கி வைத்திருந்தார்கள். எங்கள் பவுலர் என் ரூமிலேயே மேல் கட்டிலில் படுப்பவன், இருபது வயது. வந்த புதிதில் அவன் பந்தை யாராலும் தொட முடியவில்லை. பிறகு என்ன ஆனதோ, ஓவருக்கு மூன்று வைடு. நாலு வாரமாக அவனால் தோற்றோம்.

அடுத்த கேம்ப் கேப்டன் வந்து கேட்டார். "அவனை எங்களுக்குக் குடுங்க, எங்க ஓப்பனரைத் தர்றேன். பழையபடி வந்துருவான், நான் பாத்துக்கிறேன். கட்டிலை மாத்த கேம்ப் பாஸ்கிட்டயும் நானே பேசுறேன்."

எங்கள் ஆட்களோ, "யல்லா, சீக்கிரம் அனுப்பிவிடுங்கண்ணே. பெட்டியை நாங்களே தூக்கிக் குடுக்கிறோம்" என்றார்கள்.

மூன்று நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் அம்மாவிடம் போனில் பேசும்போது, "ரூம்ல ஒரு அண்ணன் இருக்காரு, பாத்துக்குவாரு" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். டூட்டியில் அதே நினைப்பு. ஒரு பைப்பை இரண்டு தடவை தப்பாகப் பற்றவைத்தேன்.

கடைசியில் முருகனிடமே விட்டேன். ஒரு தாளில் திருநீறு, ஒரு தாளில் குங்குமம். ஒரே மாதிரி மடித்து, அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த படத்துக்கு முன்னால் போட்டேன். வெள்ளை வந்தால் இருக்கட்டும், சிவப்பு வந்தால் போகட்டும். ஊரில் இதை எடுக்கச் சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவோம். கேம்ப்பில் பிள்ளைக்கு எங்கே போவது? இருப்பதில் சின்னவன் அவன்தான். புத்தி கெட்டுப்போய் அவனையே கூப்பிட்டேன்.

"என்ன விஷயம்ணே?"

"வீட்டு விஷயம். ஒண்ணு எடு."

கையைக் கழுவிவிட்டு வந்து, கண்ணை மூடிக் கும்பிட்டு எடுத்துக் கொடுத்தான். பிரித்தேன். சிவப்பு.

"நல்ல சேதிதானேண்ணே? உங்க வீட்டுல எல்லாம் நல்லா நடக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் எடுத்தேன்."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவன் அந்தக் குங்குமத்தை மறுபடி மடித்துப் படத்துக்கு முன்னால் வைத்தான்.

"உனக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாம்டா" என்றேன்.

"சாமி சொன்னப்புறம் என்னண்ணே" என்று மேலே ஏறி, கட்டில் விரிப்பை உருவ ஆரம்பித்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அவன் அவர்கள் பக்கம். எங்கள் பேட்டிங். பேட்டிங் டீம் ஆள்தான் அம்பயராக நிற்க வேண்டும், நான் நின்றேன். முதல் ஓவரே அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் ஓடி வரும்போது, நல்லபடியாக விழணும் முருகா என்று எதிர் டீமுக்காக வேண்டிக்கொண்டேன். பந்து ஸ்டம்பை விட்டு ஒரு கஜம் தள்ளிப் போனது.

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். கொஞ்சம் தாமதித்துத்தான் வைடு என்று இரண்டு கையையும் விரித்தேன்.

பந்தை வாங்கிக்கொண்டு திரும்பியவன் என் பக்கத்தில் வந்ததும் மெதுவாகச் சொன்னான்.

"இதுக்கும் ரெண்டு பொட்டலம் மடிச்சிருக்கலாம்ணே."