பறக்கும் டாக்சிக்கு இடம் பார்த்தவர்

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையடிவாரத்தில் தார்ச்சாலை முடியும் இடத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே இருக்கும் ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான். அதில் நான்கு பேர், மூங்கில் கழியில் போர்வை கட்டிய டோலியைச் சுமந்துகொண்டு இறங்குகிறார்கள். பாவம், யாருக்கு என்ன நோயோ என்று எழுந்து வழிவிடுகிறேன். போர்வைக்கு வெளியே பளபளவென்று ஒரு ஷூ நீட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு காலில் துண்டு சுற்றியிருக்கிறது.

டோலியைக் கடைவாசலில் இறக்குகிறார்கள். முன்னால் சுமந்து வந்தவரிடம் கேட்கிறேன்.

"யாருங்க இவரு?"

"ஆபீசருங்க. பறக்குற டாக்சி வருதாமே, அது எறங்க எடம் பாக்க வந்தாரு. பாறையில வழுக்கி கால் பிசகிக்கிச்சி."

"நீங்க ரோடு கேக்கலியா?"

"கேக்காம இருப்போமா? ரோடு போட்டா மரம் வெட்டணுமாம், பர்மிஷன் கெடைக்காதாம். ஆகாசத்துல மரம் இல்லியாம், அதனால டாக்சி சீக்கிரம் வந்துடுமாம்." அவர் தோளைத் தேய்த்துக்கொள்கிறார். "போன மழையில எம் பொண்டாட்டிய இதே போர்வையிலதாங்க பிரசவத்துக்குத் தூக்கினு வந்தோம். பாதி வழியிலயே புள்ள பொறந்துடுச்சி."

அதற்குள் அதிகாரிக்கு சிக்னல் கிடைத்துவிடுகிறது. படுத்தபடியே மேலதிகாரியிடம் பேசுகிறார்.

"எடம் பிரமாதம் சார். போக்குவரத்தா? அதெல்லாம் நல்லாவே இருக்கு. மேலேர்ந்து ஒரு அடிகூட நடக்காமத்தான் சார் வந்திருக்கேன்."