பத்து கம்ப்யூட்டரிலும் ஒரே மோதல்

மே மாத வெயிலில் நடந்து வந்து, செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைத்தால் தரை ஐஸ் மாதிரி சில்லென்றிருக்கும். கம்ப்யூட்டர்களுக்காகப் போட்ட ஏசி. எனக்கு முதல் நாளே தும்மல்...

போன வருஷ லீவு அது. இடம் கிருஷ்ணன்கோவில், பவித்ரா அக்கா ஆராய்ச்சி செய்யும் காலேஜ் லேப். அக்கா என் பெரியம்மா மகள். ராஜபாளையத்திலிருந்து அவள் வரும் காலேஜ் பஸ்ஸில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிக்கொள்வேன்.

இப்போது எதற்கு அந்தக் கதை என்றால், விடிந்ததும் அப்பா என்னை நீட் கோச்சிங் ஹாஸ்டலில் சேர்க்கக் கூட்டிப்போகிறார். பெட்டி கட்டியாயிற்று. எனக்கோ பிசிக்ஸ்தான் படிக்க வேண்டும். போர்வைக்குள் அம்மாவின் போனை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

அக்காவின் வேலை இதுதான். வெளிநாட்டில் ஈய அணுக்கருக்களை வேகமாக மோதவிடுகிறார்கள். சிதறுகிற துகள்களைப் பிடிக்க ஒரு கருவி வேண்டும். இரும்பில் செய்த பிறகு தப்பென்று தெரிந்தால் என்ன செய்வது? அதனால் கருவியை முதலில் கம்ப்யூட்டருக்குள் கட்டி, பொய் மோதல்களை நடத்தி, எத்தனை துகள் மாட்டுகிறது, எத்தனை இடுக்கு வழியாகத் தப்புகிறது என்று பார்க்கிறார்கள்.

பத்து கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடும். மோதல் படங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. நடுவிலிருந்து கோடு கோடாகச் சிதறியிருக்கும். ஒரு படத்தில் மட்டும் ஒரு கோடு பன்றிவால் போலச் சுருண்டிருந்தது. பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் வேறு கம்ப்யூட்டரில் அதே வால். அதே இடத்தில்.

சொல்லவா வேண்டாமா... அங்கே எல்லாரும் எம்புட்டோ படித்தவர்கள். கடைசியில் மெதுவாகச் சொன்னேன். அக்காவோடு வேலை செய்யும் கார்த்தி அண்ணன் சிரித்தார்.

"ஏட்டி, பட்டாசு வெடிச்சா எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும். போய் டீ குடிச்சிட்டு வா."

"இல்லண்ணே. இது அதே படம்."

என் குரல்தானா அது என்று எனக்கே சந்தேகம்.

அக்கா மட்டும் திரும்பினாள். "எங்க, காட்டு." இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வேறு வேறு தொடக்க எண் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பொய் மோதல்களை உண்டாக்கும்; எண் வேறானால்தான் மோதல்களும் வேறாகும். அக்கா பத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தாள். ஒரே மோதல்களையே பத்துத் தடவை எண்ணியிருக்கிறோம். அதனால்தான் துகள்கள் தப்பவில்லை என்ற ரிசல்ட் அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருக்கிறது.

"போச்சு. அம்புட்டும் போச்சு," என்று கார்த்தி அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நல்லா இருந்த ரிசல்ட்ட கெடுத்துட்டியே, நீ நல்லா இருப்பியா?"

"கெடுத்தது நான்லே," என்றாள் அக்கா. "கைடு சார்ட்ட நானே சொல்லிக்கிடுதேன். தப்பா இருக்கத வச்சு ஒருத்தன் இரும்ப வெட்டிட்டா பொறவு என்ன செய்ய?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டினாள். புது ரிசல்ட் முன்னதைப் போல அழகாக இல்லை. கருவியின் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் துகள்கள் தப்புகின்றனவா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்னும் நிறைய ஓட்ட வேண்டியிருந்தது. ஆனால் அது நிஜம். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இதுதான் நான் என்று முடிவு செய்தேன்.

இந்த வருஷம் அந்தக் குரலைக் காணோம். போன வாரம் அப்பாவிடம் பிசிக்ஸ் என்று ஆரம்பித்தேன்.

"டாக்டர்னா ஊரே எந்திரிச்சு நிக்கும். பிசிக்ஸ் படிச்சா எவன் நிப்பான்?"

தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அங்கே முன்பின் தெரியாதவர்கள் முன்னால் வாய் திறந்தவள், வீட்டில் பெற்ற அப்பா முன்னால் ஊமை. நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது.

அப்பா கெட்டவர் இல்லை. சத்தம் போடுவார். இரண்டு நாள் பேச மாட்டார். போடட்டும். பேசாமல் இருக்கட்டும். காலையில் கார் வாசலுக்கு வரும். பெட்டியை அவர் தூக்கி வைத்தாலும் நான் ஏறப் போவதில்லை. நடுங்கிக்கொண்டேதான் சொல்வேன்... ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

"யாரும் எந்திரிச்சு நிக்க வேண்டாம்ப்பா. நான் நிக்கேன்."