சாவகச்சேரியில் ஓர் ஐஸ் ஹொக்கிப் பயிற்சியாளர்

பங்குனி வெயில். போர் சற்று ஓய்ந்திருப்பதால் கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருக்கிறேன். சாவகச்சேரிச் சந்தைக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அப்பாவும் நானும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம்.

ஐஸில் சறுக்கும் சப்பாத்துகளின் அடித்தகடுகளுக்குக் கூர் தீட்டும் வேலையில் தொடங்கிய நான், போன குளிர்காலத்தில்தான் ஐஸ் ஹொக்கி அணியொன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளரானேன். எஞ்சினியரிங் படிப்பை விட்ட நாளிலிருந்து அப்பா என்னோடு என் தொழிலைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

"மாஸ்டர், உவர்தானே உங்கடை எஞ்சினியர் மகன்?" என்று கடைக்காரர் அப்பாவிடம் கேட்கிறார். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

"எஞ்சினியர் எண்டு நான் சொன்னது பொய்," என்கிறார் அப்பா, கடை முழுக்கக் கேட்கும்படி. "இவன் ஐஸிலை ஹொக்கி விளையாடுறவைக்குக் கோச். வெள்ளைக்காரப் பெடியள் இவன்ரை விசிலுக்குத்தான் ஓடுறாங்கள்."

"ஐஸிலையோ? வழுக்கி விழமாட்டினமே?"

"விழுவினம். எழும்பி ஓடப் பழக்கிறது இவன்தான்."

பஸ் வந்து ஹோர்ன் அடிக்கிறது. அப்பா எழும்பவில்லை. கடைக்காரரிடம் சொல்ல அவருக்கு இன்னும் இருக்கிறது.