திரேஸ்புரத்தில் ஒரு வெறுஞ்சீட்டு

ஞாயிறு காலை ஐந்தரைக்கு மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்பியது. தூத்துக்குடிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் எந்த ஊருக்கும் போகிறவள் நான். இந்தத் தடவை ஊரைவிட ஆள்தான் முக்கியம். மதுரையில் என்னோடு ஐந்து வருடம் நர்ஸாக இருந்த பிலோமினாவுக்குக் குவைத்தில் வேலை வந்திருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். திங்கள் காலைக்குள் பதில் சொல்லவேண்டும். “நீ வந்தாத்தான் ஆச்சு. எதுக்குன்னு வந்த பெறவு சொல்லுதேன்” என்று போனில் சொல்லியிருந்தாள்.

ஹாஸ்டலில் அவளை ஒரே கேள்வியால் படுத்தியெடுப்பேன். “எல்லாம் ஆண்டவர் சித்தம்னா, நீ எதுக்குடி பாவமன்னிப்புக் கேக்குற?” தலையணையை எறிவாள்.

எட்டே முக்கால். உப்பளங்களைத் தாண்டி ஊருக்குள் வந்ததும் கால் கிலோ மக்ரூன் வாங்கினேன், இருநூறு ரூபாய். தூத்துக்குடிக்காரி வீட்டுக்கே தூத்துக்குடி மக்ரூன் கொண்டுபோகிற புத்திசாலி நான் ஒருத்திதான். அவள் வீடு திரேஸ்புரத்தில்; ஆட்டோ நூற்றைம்பது. “மீன் வாங்கவா போறிய?” என்றார் ஆட்டோக்காரர். “ஞாயித்துக்கிழம ஒரு வள்ளமும் போவாது. கடலுக்கும் லீவுதான்.”

ஒன்பதரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பிலோமினா மாதா கோயில் பூசை முடிந்து வந்திருந்தாள். அவள் கணவர் சேவியர், வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். “வாங்க மைனி” என்றவர், மறுபடியும் வலைக்குள் குனிந்துகொண்டார்.

“நாலு நாளா இப்படித்தான்” என்றாள் பிலோமினா. “போன்னும் சொல்ல மாட்டாரு, போகாதன்னும் சொல்ல மாட்டாரு. அதான் மாதாட்டயே கேட்டுருவோம்னு.”

சீட்டுப் போடப்போகிறாள். அவள் பிறந்த மணப்பாட்டு வீட்டு வழக்கம் அது. ‘போ’, ‘போகாதே’ என்று இரண்டு சீட்டு எழுதி, மடித்து, மாதா சுரூபத்தின் முன்னால் வைத்து ஜெபம் சொல்லவேண்டும். பிறகு சம்பந்தமில்லாத ஒரு கை அதில் ஒன்றை எடுக்கவேண்டும். அந்தக் கை என்னுடையதாம்.

“நான் எப்படிடி சம்பந்தமில்லாதவ?”

“நீ மீனாச்சி ஆளு. மாதாவுக்கு உங்கிட்ட முகதாட்சண்யம் கிடையாது.”

சீட்டுகளை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுவிட்டு, மெழுகுவர்த்தி எடுக்க உள்ளே போனாள். நான் கை கழுவிவிட்டு வந்தேன். ‘அருள் நிறைந்த மரியே’ மூன்று தடவை சொன்னாள். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். பிரித்தால் ஒன்றும் இல்லை. திருப்பிப் பார்த்தேன், அந்தப் பக்கமும் வெள்ளை.

கிண்ணத்தில் இன்னும் இரண்டு சீட்டுகள் கிடந்தன. பிலோமினா மெல்ல வாசல் பக்கம் திரும்பினாள்.

“நீ மெழுகுவத்திக்குப் போனப்ப நான்தான் போட்டேன்” என்றார் சேவியர், வலையைப் பார்த்தபடியே. “எங்க வீட்டுல மூணு சீட்டுதான். வெறுஞ்சீட்டு வந்தா, நீயே முடிவெடுன்னு மாதா சொல்லுதான்னு அர்த்தம்.”

“நாலு நாளா வாயத் தொறக்காத மனுசன், மாதா கிண்ணத்துல கைய விட்டிருக்கீரு!”

“போன்னு சொன்னா வெரட்டிவிட்டவன் ஆயிருவேன். போகாதன்னா கட்டிப்போட்டவன் ஆயிருவேன். ரெண்டும் எனக்கு வேண்டாம்ளா.”

இரண்டு சீட்டோடு மறுபடி எடுக்கட்டுமா என்று கேட்டேன். பிலோமினா ஒத்துக்கொள்ளவில்லை. “அதெப்படி? போட்டது இவரு, எடுத்தது நீ. மூணுல இத எடுக்கவச்சது யாரு?” என்றவள், சுரூபத்தைப் பார்த்து முறைத்தாள். “நான் உங்கிட்ட கேட்டா, நீ எங்கிட்டயே திருப்பிக் கேக்கியே தாயே!”

வெறுஞ்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

“போறேன்” என்றாள் கடைசியில். “நானாத்தான் சொல்லுதேன். ரெண்டு வருசம், போயிட்டு வாரேன்.”

சேவியர் எழுந்துபோய்ப் பரணிலிருந்து சூட்கேஸை இறக்கினார். ஜிப்பை இழுத்துப் பார்த்தார். “இது ஆவாது. சாயங்காலம் புதுசு வாங்கிருவோம்” என்று சொல்லிவிட்டுத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஹாஸ்டல் கேள்வியை நான் கேட்கவில்லை. பிலோமினா அந்த வெறுஞ்சீட்டைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தாள்.

மூன்றேகாலுக்குத் திரும்பும் பஸ். எங்கள் வீட்டில் கோயிலில் பூக் கட்டிப் போட்டுப் பார்ப்போம். சிவப்பு என்றால் வேண்டாம், வெள்ளை என்றால் சரி; இரண்டே பொட்டலம். என் கல்யாணத்துக்கு வெள்ளை வந்தது. வீட்டில் எப்போது சண்டை வந்தாலும், “சாமி உத்தரவு, நான் என்ன செய்ய?” என்று தப்பித்துக்கொள்வேன். மூன்றாவதாக ஒரு வெறும் பொட்டலம் இருந்து, அது வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? எட்டயபுரம் வரை யோசித்துவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“பூப் போட்டுப் பாக்காட்டியும் உங்களத்தாங்க கட்டியிருப்பேன்.”

“பஸ் எத்தன மணிக்கு வரும்? நான் ஸ்டாண்டுக்கு வர்றேன்” என்றார். இத்தனை வருடத்தில் அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததே கிடையாது.