கயிற்றில் தொங்கிய கியர்பொக்ஸ்

உடுப்புக் காயப்போடும் கயிற்றில் ஒரு கியர்பொக்ஸ் முழுவதும் தொங்கியதை நான் கண்டிருக்கிறேன். முருங்கை மரத்துக்கும் மாட்டுக்கொட்டில் தூணுக்கும் நடுவில் கட்டிய கயிற்றில் பல்லுச்சில்லுகள், அச்சுகள், வளையங்கள் எல்லாம் சணல் நூலில் முடிச்சுப் போட்டபடி வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. பெட்டிக்குள் எது இடப்பக்கம் இருந்ததோ அது கயிற்றிலும் இடப்பக்கம். என் மனைவி தோய்த்த உடுப்புகளைக் கிணற்றுக்கட்டில் குவித்து வைத்துக்கொண்டு, அதைத் தொங்கவிட்ட தன் தகப்பனாரிடம் ஒன்றும் சொல்ல முடியாமல் என்னைப் பார்த்தாள். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன். கலியாணம் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மாமாவுக்கு முன்னால் கதிரையில் இருப்பதற்கே எனக்குக் கூச்சம்.

மாமா வல்வெட்டித்துறைக்காரர். இருபத்தைந்து வருடம் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை செய்துவிட்டு, மாமி காலமான பிறகு கரைக்கு வந்து, உடுப்பிட்டியில் காணி வாங்கி வெங்காயம் வைத்தவர். எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெங்காயத்துக்கு நல்ல காலம்; கந்தோரில் பேனை பிடித்தவர்கள்கூட மண்வெட்டி தூக்கினார்கள். வட்டுக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளையாக வந்த நான் காலையில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு, பின்னேரம் தோட்டத்தில் நின்றேன். எங்களிடம் பின்னால் நடந்து ஓட்டுகிற இரண்டு சில்லு உழவு மிசின் ஒன்று இருந்தது. அந்தச் சித்திரையில் அதற்கு ஒரு வியாதி பிடித்தது. இரண்டாம் கியரில் போட்டால் பாதி வழியில் கியர் தானாகக் கழன்றுவிடும். நெல்லியடி மெக்கானிக் பத்து நாள் தவணை கேட்டார். விதைவெங்காயமோ சாக்குக்குள்ளேயே முளைவிடத் தொடங்கியிருந்தது. ஒரு கிழமைக்குள் உழாவிட்டால் அந்தப் போகமே போய்விடும். மாமா தானே கழற்றத் தொடங்கினார். உதவிக்குப் போன என்னை அன்பாகத் திருப்பி அனுப்பினார்.

"தம்பி, நீங்கள் போய்க் கொப்பியளைத் திருத்துங்கோ. இது வீடளவு எஞ்சினைக் கழட்டிப் பூட்டின கை."

கழற்றியதில் அவர் ஒரு பிழையும் விடவில்லை. கியரைப் பிடித்து வைக்கும் சின்னச் சுருள்கம்பி ஒன்று தளர்ந்து போயிருந்ததைக் கண்டுபிடித்து, புதியது வாங்க யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினார். அவர் போன பின்னேரம் மழை பிடித்தது. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். மாமாவின் சாமான்கள் நனைந்து துருப்பிடிக்கப் போகின்றனவே என்று ஓடிப்போய் இரண்டு பக்கத்தையும் அவிழ்த்து, மாலையைத் தூக்குவது போல அந்தக் கயிற்றைத் தூக்கிவந்து விறாந்தைத் தூண்களில் கட்டினேன். ஒரு வளையம்கூட விழவில்லை. மாமா நனைந்துபோய் வந்து பார்த்தார். வாய்விட்டுப் புகழ்கிற ஆள் அல்ல அவர். "நல்ல வேலை செய்தியள்" என்றார். எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதற் சான்றிதழ் அது.

மறுநாள் பூட்டத் தொடங்கினார். ஒரு சாமானை எடுத்து வைத்தால் அது ஏறாது. அடுத்ததை எடுத்தால் அதுவும் ஏறாது. கயிற்றைப் பார்ப்பார், பெட்டியைப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்து, பின்னேரம் ஒருவாறு பூட்டி முடித்தார். அநேகமான சாமான்கள் பிழையாகப் போட்டால் ஏறவே மாட்டா. பெரிய பல்லுச்சில்லு இருந்த அச்சு மட்டும் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் சமர்த்தாக ஏறிக்கொள்ளும். அதை அவர் கயிறு காட்டியபடியே போட்டார்.

அடுத்த நாள் காலை மிசினைத் தோட்டத்துக்கு இறக்கினோம். அக்கம்பக்கத்தில் நாலு பேர் பார்க்க வந்தார்கள். கண்ணூறு கழிய நசுங்கட்டும் என்று மனைவி இரண்டு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தாள். மாமா கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கைபிடியைப் பிடித்து முதலாம் கியரைப் போட்டார். மிசின் தேசிக்காய்களை விட்டுவிட்டுப் பின்னால் வந்தது. கை தவறி வேறு கியரைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டாம் கியரைப் போட்டார். அது இன்னும் வேகமாகப் பின்னால் வந்தது. மாமா நெஞ்சை நிமிர்த்தியபடி, ஒரு முகமாற்றமும் இல்லாமல், பின்பக்கமாகவே நடந்தார். பக்கத்துக் காணியின் ஓலைவேலியை முதுகால் திறந்துகொண்டு அங்காலே போய், கத்தரிப் பாத்திக்குள் கிளச்சைப் பிடித்து நிறுத்தினார்.

பக்கத்துக் காணிக்காரர் அமைதியான மனிதர். கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணை, வேலியை என்ரை பக்கம் அரக்கி வைக்கிறதெண்டால் முதலிலை ஒரு சொல்லுக் கதைச்சிருக்கலாமே."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து சாய்மனைக்கதிரையில் இருந்தவர் அன்று முழுவதும் எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மனைவியைக் கூப்பிட்டு, மாமியின் திவசம் எந்தத் திதி என்று கேட்டார். அவள் சொல்ல முன்பே தானே சரியாகச் சொன்னார். மறுநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது என் பழைய கொப்பி ஒன்று அவர் மடியில் கிடந்தது. தன் முதற் கப்பல் பயணத்தில் தொட்ட துறைமுகங்களை வரிசைப்படி எழுதியிருந்தார். கொழும்பு, ஏடன், போர்ட் சயிட்... ஓரிடத்தில் வெட்டி, திருப்பி எழுதி, மறுபடி வெட்டியிருந்தார். மூளை கழன்றுபோகிறதா என்று தன்னையே சோதித்துப் பார்க்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

குசினிக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி அரித்தபடி, அன்று மழைக்குக் கயிற்றை எப்படிக் கொண்டுவந்தேன் என்று கேட்டாள். முருங்கைப் பக்கத்தை முதலில் அவிழ்த்தேன், அதைப் பிடித்தபடியே உள்ளே ஓடிவந்தேன், கட்டும்போது... அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. இடது நுனியை வலது தூணில் கட்டியிருந்தேன். கயிறு முழுவதும் பக்கம் மாறி நின்றிருக்கிறது. கணக்கு வாத்தியார் பிழைவிட மாட்டார் என்று மாமா நம்பியிருக்கிறார். நீயே போய்ச் சொல்லிவிடேன் என்று அவளைக் கெஞ்சினேன்.

"நான் சொன்னால் உங்களிலை பழியைப் போட்டுத் தன்னைத் தேற்றுறன் எண்டு நினைப்பார். நீங்கள் போங்கோ" என்றாள்.

போனேன். நின்றபடியே சொன்னேன். மாமா கொப்பியை மூடி மெதுவாகக் கீழே வைத்தார்.

"தம்பி, நிச்சயமாய்த் தெரியுமோ?"

"ஓம் மாமா. நான்தான் மாத்திக் கட்டினனான்."

அவருடைய முகத்தில் வந்த சந்தோசத்தை, அதற்குப் பிறகு என் மகள் பிறந்த அன்றுதான் திரும்பப் பார்த்தேன். எனக்கு ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். பிறகு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து ஸ்பனரைப் பிடியுங்கோ என்றார். கொப்பி திருத்தச் சொல்லவில்லை. பொழுதுபட முன்பே, மிசினைப் பின்னால் ஓட வைத்த அந்தப் பெரிய பல்லுச்சில்லு அச்சைத் திருப்பிப் போட்டோம். மிசின் நல்லபிள்ளையாக முன்னால் போனது. முளைவிட்ட விதையில் கொஞ்சம் பழுதாகிவிட்டது, மிச்சத்தை நட்டோம்.

அதற்குப் பிறகு கலியாண வீடு, செத்தவீடு, சங்கக்கடை எங்கும் மாமா இந்தக் கதையைச் சொன்னார். கணக்கு வாத்தியாருக்கு இடமும் வலமும் தெரியாது என்று தொடங்கி, வேலியில் கொண்டுபோய் முடிப்பார். சொல்லும்போதெல்லாம் என் தோளில் கை போட்டிருப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சாய்மனைக்கதிரையில் அவர் பயந்துபோய் இருந்த ஒன்றரை நாளைப் பற்றி மட்டும் அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவர் இருக்கும்வரை நானும் சொல்லவில்லை.