விழுந்த ராக்கெட்டும் என் கேபிள் லைனும்

அந்த ராக்கெட் கடலில் விழுந்ததை நான் குரும்பலூர் டீக்கடையில் நின்றுகொண்டு பார்த்தேன். 2006ஆம் வருஷம். கடை டிவி என் கேபிள் லைனில்தான் ஓடியது. நன்றாக ஏறிக்கொண்டிருந்த ராக்கெட் திடீரென ஒரு பக்கம் சாய்ந்து புகையும் நெருப்புமாகச் சிதறியது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"அடப் பாவமே, எத்தனை கோடியோ" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

நானும் உச்சுக் கொட்டினேன். ஆனால் என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

காரணம் உண்டு. அதில் போன செயற்கைக்கோள் சின்ன டிஷ்களுக்கானது. மொட்டை மாடியில் முறம் அளவுக்கு ஒரு டிஷ்ஷை வைத்தால் போதும், கேபிள்காரன் தயவு வேண்டாம். அரசாங்கத்தின் இலவசச் சேனல்கள் அப்படி ஏற்கெனவே வர ஆரம்பித்திருந்தன. இது மேலே போனால் இன்னும் நிறைய வரும் என்று என் மச்சினன் சொல்லிக்கொண்டிருந்தான். என் மனைவியின் தம்பி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டு அந்தச் சின்ன டிஷ்களை விற்றவன் அவன்தான்.

எனக்கு அந்த ஊரில் கேபிள் லைன் இருந்தது. தொண்ணூற்றைந்து வாக்கில் ஆரம்பித்தது. கம்பி வலை போட்ட பெரிய டிஷ்ஷை மாடியில் ஏற்றி, சேனல் எந்தச் செயற்கைக்கோளுக்கு மாறினாலும் அதன் பக்கம் திருப்பிவைத்து, வீடு வீடாக வயர் இழுத்தேன். அன்று முதல் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. காற்றடித்தால் டிஷ் என்ன ஆகுமோ, இடி இடித்தால் ஆம்ப்ளிஃபயர் என்ன ஆகுமோ, கரும்பு லாரி போனால் வயர் என்ன ஆகுமோ. வயரை அணில் கடிக்கும் என்று பயந்து அணிலை முறைத்த ஆள் நான். இத்தனைக்கும் பயந்தவன், என் கல்யாணத்தில் பாயசம் பரிமாறிய இந்த மச்சினன் பையனுக்குப் பயப்படவில்லை.

ராக்கெட் விழுந்த வாரம் அவன் அக்காவைப் பார்க்க வந்தான். முகம் தொங்கிப்போயிருக்கும், ஆறுதல் சொல்லலாம் என்று கொஞ்சம் ஆசையாகவே காத்திருந்தேன்.

"என்ன மாப்ள, இப்படி ஆயிப்போச்சே" என்றேன்.

அவன் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அதனால என்ன மாமா? எங்க தப்புன்னு பாத்துட்டு இன்னொண்ணு விடுவாங்க" என்றான்.

"இன்னொண்ணா? யாரு வூட்டுக் காசு?"

"கவர்மெண்ட் காசுதான். ஒண்ணு வுழுந்துச்சுன்னு கடைய சாத்திட்டா போவாங்க?"

அவன் போன பிறகும் அந்தப் பேச்சு எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. எட்டாம் வகுப்பில் கணக்கில் ஒரே ஒரு தடவை தவறினேன். எங்கே தப்பு என்று யாரும் பார்க்கவில்லை. "போதும்டா, உனக்கு வராது" என்று அப்பா டிவி ரிப்பேர் கடையில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அப்பாவைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு வருஷம் படிக்கவைக்க அவரிடம் வழி இல்லை. ஆனால் இவர்கள் கோடிகளைக் கடலில் போட்டுவிட்டு, சட்டை கசங்காமல் டிவியில் வந்து உட்கார்ந்து, காரணத்தை ஆராய்கிறோம் என்கிறார்கள். நாடும் சரி, ஆராயுங்கள் என்கிறது. அதைப் பார்த்து எனக்கு எரிந்தது. மச்சினன் மேல் இருந்த பொறாமை அப்படியே நீண்டு, முகம் தெரியாத விஞ்ஞானிகள் வரைக்கும் போய்விட்டது.

அதற்கப்புறம் டீக்கடையில் நான் பேச்சாளர் ஆகிவிட்டேன். "குடிக்கத் தண்ணி இல்ல, குழாயில காத்து வருது. இதுல ராக்கெட் ஒரு கேடா?" என்பேன். தண்ணீர் இல்லாதது உண்மைதான், அதனால் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருநாள் என் பேச்சு சூடாக இருந்தபோது மச்சினன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். கடைசிவரை கேட்டான்.

"மாமா, ஒரு சந்தேகம். உங்க மாடியில பெரிய டிஷ் ஒண்ணு வாயப் பொளந்துகிட்டு நிக்குதே, அது எதப் பாத்துகிட்டு நிக்குது? வேப்பந்தட்டை மலையையா?"

பெஞ்சே சிரித்தது. டீ ஆற்றுகிறவர், "பாதி சோறு ராக்கெட் போடுற சோறுதான்யா உனக்கு" என்றார். டீ ஆறிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன்.

அடுத்த வருஷம் இன்னொரு ராக்கெட் விட்டார்கள். அவன் சொன்ன மாதிரியே. அதே டீக்கடை, அதே டிவி. சாயும், சாயும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் பிந்தி.

பிறகு தெருத்தெருவாக மாடிகளில் சின்ன டிஷ்கள் முளைத்தன. டவுன் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்காருவதையே விட்டுவிட்டேன். அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. பொதுவாக டிஷ் மாட்ட வருகிறவன், பழைய கேபிள் வயரை வெட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவான். மச்சினன் என் வயரைத் தொடமாட்டான். தன் டிஷ்ஷை மாட்டாமல் காத்திருந்து எனக்கு ஆள் அனுப்புவான். "மாமா வந்து அவுத்துடட்டும். நான் கைய வெச்சா நல்லா இருக்காது" என்பான். ஊர் அவனை மெச்சியது. மரியாதை தெரிஞ்ச பையன் என்றது. அவன் மரியாதை காட்டக் காட்ட, ஒவ்வொரு வீட்டிலும் நானே போய், நான் இழுத்த வயரை என் கையாலேயே அவிழ்க்க வேண்டியிருந்தது. வெட்டிப் போட்டிருந்தால் அவனைத் திட்டவாவது திட்டியிருப்பேன்.

கடைசியில் வாத்தியார் வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. ரிட்டயர் ஆன வாத்தியார். என்னிடம் முதல் முதலாகக் கனெக்‌ஷன் வாங்கியவர். அவர் இருக்கும் வரைக்கும் லைன் இருக்கும் என்று எனக்குள் ஒரு கணக்கு. அவர் மாடியில் மச்சினன் எனக்காக நின்றுகொண்டிருந்தான். வாத்தியார் என் முகத்தைப் பார்க்காமல், "பேரன் வந்தா கார்ட்டூன் கேக்குறாம்பா" என்றார்.

"அதனால என்னங்க சார்" என்று வயரை அவிழ்த்துச் சுருட்டினேன்.

அவன் டிஷ்ஷை மாட்டினான். கீழே டிவியில் ‘நோ சிக்னல்’ என்றுதான் வந்தது. திருப்பினான். மறுபடியும் அதேதான். வாத்தியார் வீட்டம்மா படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, வராதா?" என்றார். நானாக இருந்தால் அந்தக் கேள்விக்கே வியர்த்து விறுவிறுத்திருப்பேன். அவன் சிரித்துக்கொண்டே, "இன்னொரு தடவ பாப்பம்மா, எங்க போயிடப் போவுது" என்று நட்டைத் தளர்த்தினான். எனக்கு அவன் கடையைப் பார்த்தோ பைக்கைப் பார்த்தோ வராத எரிச்சல் அந்த ஒரு சிரிப்பைப் பார்த்து வந்தது. தவறினால் மறுபடியும் பார்க்கலாம் என்று இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மூன்றாம் தடவை படம் வந்தது. இறங்கிப்போய் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி போல, ஒரு புள்ளி இல்லாமல். என் லைனில் ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

"தம்பிக்குக் கை ராசி" என்றார் வீட்டம்மா.

நான் மாடிக்குத் திரும்பி வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டேன். இறங்குவதற்குள் அவன் குரலைத் தாழ்த்தி, "மாமா, தப்பா நெனைக்காதீங்க. தனியா மாட்டி முடியல. எங்கூட வந்துடுங்களேன். அக்காகிட்டயும் சொன்னேன்" என்றான்.

அக்காவிடம் சொன்ன பிறகுதான் என்னிடம் சொல்கிறான். அதுவும் எரிந்தது. மாடியில் அவனுடைய டிரில் மெஷின் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், கனமே இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் சுத்தியும் உளியும்.

"நாளைக்கி எந்தத் தெரு?" என்றேன்.

"வடக்குத் தெரு மாமா. வரீங்களா?"

"அங்கயும் என் வயருதானே கெடக்குது. வராம எங்க போவேன்?"